மூலம் இல்லாமல் ஒரு பிரதி: பிரெகே எண் 160 குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வுப் பொருள்

ஜெருசலேமில் உள்ள எல்.ஏ. மேயர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்திலிருந்து 1983 ஏப்ரல் 15 இரவு 106 கடிகாரங்கள் திருடுபோயின. அவற்றுள் ஒன்று, பாரிஸில் ஆப்ரஹாம்-லூயி பிரெகேயின் பட்டறையில் உருவான எண் 160. பிரான்சின் அரசி மரி அந்துவானெத்தின் பெயரால் உலகம் அறிந்த தங்கக் கடிகாரம் அதுவே. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது எங்கிருக்கிறது என்று தெரியாத நிலையில், பிரெகேயின் பெயரைத் தாங்கி இன்றும் இயங்கும் சுவிஸ் நிறுவனம், மூலத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமலேயே அதை மறுபடி செய்வது என்று முடிவெடுத்தது. அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மூலம் திரும்பி வந்தது.

திருட்டின் துப்பறியும் சுவை பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. 18ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர் ஒருவரின் வடிவமைப்பு, பொருள் மறைந்துபோன பிறகும் எந்த அளவுக்குப் பிற்காலத்தவரின் கைக்கு எட்டியது, எந்த இடத்தில் எட்டாமல் நின்றது என்பதே அது. திருட்டிலும் மீட்பிலும் பிரதியாக்கத்திலும் ஈடுபட்ட தனிநபர்களின் பெயர்கள் இங்கே தரப்படவில்லை.

பின்னணி: பட்டறையும் அதன் பழக்கங்களும்

பிரெகே 1747இல் சுவிட்சர்லாந்தின் நொஷாத்தெல் நகரில் பிறந்து, பதின்ம வயதில் பிரான்சுக்குச் சென்று தொழில் கற்று, 1775இல் பாரிஸின் சீன் நதித் தீவில் சொந்தப் பட்டறை தொடங்கியவர். 1823இல் இறந்தார். அவர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் புதுமைகளின் பட்டியல் நீளமானது. உடலசைவால் தானே சாவி ஏறிக்கொள்ளும் கடிகாரத்தை 1780இலிருந்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்தக் கருத்தில் அவருக்கு முன்னோடிகள் இருந்தாலும், நம்பி வாங்கத்தக்க நிலைக்கு அதைக் கொண்டுவந்த பெருமை அவருக்கு உண்டு. நேரத்தை ஒலியால் சொல்லும் கடிகாரங்களில் அதுவரை இருந்த சிறு மணிக்குப் பதிலாக, உள்விளிம்பைச் சுற்றி வளைந்து செல்லும் எஃகுக் கம்பியை 1783இல் பொருத்தினார். கடிகாரம் மெலிந்தது, ஒலியும் இனிமையானது. கீழே விழுந்தால், இருபுறமும் ஊசலாடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சுமுனை ஒடியாமல் இருக்க 1790 வாக்கில் ஒரு வில் தாங்கியைச் சேர்த்தார். அந்தச் சக்கரத்தை ஊசலாட வைக்கும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கின் வெளிச்சுருளைச் சற்றே மேலெழுப்பி உட்புறமாக வளைத்து, சுருள் எல்லாப் பக்கமும் சீராக விரிந்து சுருங்கும்படி 1795இல் செய்தார். புவியீர்ப்பால் வரும் நேரப் பிழையை ஈடுசெய்யச் சுழலும் கூண்டான டூர்பியோனுக்கு 1801இல் காப்புரிமை பெற்றார்.

இந்த ஆய்வுக்கு அவருடைய கண்டுபிடிப்புகளைப் போலவே அவருடைய பழக்கங்களும் முக்கியம். பட்டறையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் எண் உண்டு. அந்த எண், வாங்கியவர், விலை, பின்னர் பழுதுபார்க்க வந்த நாள் எனப் பலவும் பேரேடுகளில் பதிவாயின. அந்தப் பேரேடுகளில் கணிசமானவை இன்றும் நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. அவர் காலத்திலேயே போலிகள் பெருகியதால், டயலில் 12 மணிக்கு அருகே கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய கையெழுத்தைப் பொறிக்கும் வழக்கத்தை 1795இல் தொடங்கினார். நேராகப் பார்த்தால் டயல் வெறுமையாகத் தெரியும். வெளிச்சம் சாய்வாக விழும்படி மெல்லத் திருப்பினால்தான் எழுத்துகள் தெரியும். வியாபாரத் தற்காப்புக்காக ஏற்பட்ட இந்தப் பழக்கங்கள் இரண்டு நூற்றாண்டுகள் கழித்து வேறொரு பயன் தந்ததைப் பின்னர் காண்போம்.

தோற்றத்தைப் பொறுத்தவரை அவர் செய்தது பெரும்பாலும் களைதல்தான். அக்காலத்துக் கடிகாரங்கள் பருத்த கூடும், எனாமல் ஓவியமும், பூவேலை நிறைந்த முள்ளுமாக இருந்தன. பிரெகேயின் டயலில் நீலம் பாய்ச்சிய எஃகு முள் ஊசிபோல் ஓடி, நுனிக்குச் சற்று முன்பு ஒரு சிறு வட்டமாக விரியும். அந்த வட்டத்துக்குள் மையம் விலகி ஒரு துளை இருப்பதால், எஞ்சும் உலோகம் பிறைபோல் தெரியும். டயலின் பரப்பில் எந்திரச் செதுக்கலால் நெருக்கமான கோடுகள் இழைக்கப்பட்டிருக்கும். இந்தச் செதுக்கல் அழகுக்கு மட்டும் உரியது என்று நினைப்பது தவறு. வெவ்வேறு வகைச் செதுக்கல், மணி வட்டத்தை நொடி வட்டத்திலிருந்தும், நொடி வட்டத்தை, இன்னும் எவ்வளவு சாவி எஞ்சியிருக்கிறது என்று காட்டும் வளைகோட்டிலிருந்தும் பிரித்துக் காட்டுகிறது. ஒளிக்கூச்சத்தையும் தணிக்கிறது. படிக்கச் சிரமம் தராத டயல் என்ற எண்ணம் கடிகாரத் தொழிலில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

எண் 160: 1783 முதல் 1983 வரை

அரசியின் காவற்படையைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் 1783இல் இந்தக் கடிகாரத்துக்கு ஆணை கொடுத்ததாக மரபு சொல்கிறது. அப்போது அறியப்பட்ட எல்லா நுட்பங்களும் அதில் இருக்க வேண்டும், இயன்ற இடமெல்லாம் பிற உலோகத்துக்குப் பதில் தங்கம் பயன்பட வேண்டும், காலக்கெடுவும் செலவு வரம்பும் கிடையாது என்பவை நிபந்தனைகள். 1793இல் அரசி கொல்லப்பட்டார். பிரெகேயும் அதே ஆண்டு பாரிஸை விட்டு வெளியேறி, 1795இல்தான் திரும்பினார். வேலை விட்டுவிட்டு நடந்து, அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1827இல் அவருடைய மகனின் பொறுப்பில் நிறைவுற்றது. கேட்டவருக்கும் கிடைக்கவில்லை, யாருக்காகக் கேட்டாரோ அவருக்கும் கிடைக்கவில்லை.

முடிந்த கடிகாரத்தில் 823 உறுப்புகள் உள்ளன. மணி, கால்மணி, நிமிடம் ஆகியவற்றை ஒலியால் சொல்லும் பொறி, லீப் ஆண்டையும் கணக்கில் கொள்ளும் நிரந்தர நாட்காட்டி, சூரிய நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் முள், வெப்பமானி, எஞ்சியிருக்கும் சாவியின் அளவு, தானே சாவி ஏறுவதற்கான பிளாட்டினம் எடை எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கியுள்ளன. டயல் ஒளி ஊடுருவும் படிகக் கல்லால் ஆனது என்பதால் உள்ளே நடக்கும் வேலை வெளியே தெரியும். உராயும் இடங்களில் நீலக்கல் தாங்கிகள் பொருத்தப்பட்டுள்ளன. இன்றைக்குப் பிரெகே என்றதும் நினைவுக்கு வரும் டூர்பியோன் இதில் இல்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கும். மேல்வளைவு கொண்ட தட்டைச் சுருளும் இல்லை. அதன் இடத்தில் தங்கத்தால் ஆன நீள்சுருள் ஹேர்ஸ்பிரிங் இருக்கிறது. 1783இல் வகுத்த திட்டத்துக்குள் பிந்தைய கண்டுபிடிப்புகள் அனைத்தையும் திணிக்காத நிதானத்தை இதில் காண்கிறேன்.

பல கைகள் மாறி, 1917இல் இங்கிலாந்தின் சர் டேவிட் லயனல் சாலமன்ஸ் இதை வாங்கினார். பிரெகே கடிகாரங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றைப் பற்றி நூலும் எழுதியவர் அவர். சேகரிப்பின் சிறந்த பகுதி மகள் வேராவுக்குச் சென்றது. இஸ்லாமியக் கலை அறிஞரும் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியருமான லியோ ஆரியே மேயரின் நினைவாக அவர் நிறுவிய அருங்காட்சியகம் 1974இல் திறக்கப்பட்டபோது, தந்தையின் கடிகாரங்களும் அங்கே இடம்பெற்றன. இஸ்லாமியக் கலைக்கூடத்தில் பாரிஸ் கடிகாரங்கள் இருப்பதற்குக் காரணம் இந்தக் குடும்ப உறவு மட்டுமே. அதனால் அங்கு வருவோரில் பெரும்பாலோர் அவற்றைத் தேடி வந்தவர்கள் அல்லர்.

திருட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ், ஜெருசலேமைச் சேர்ந்த கைவினைஞர் ஒருவரோடு சேர்ந்து இந்தச் சேகரிப்பை ஆராய்ந்து விரிவான அட்டவணை ஒன்றை உருவாக்கியிருந்தார். அப்போது அது அறிஞர்களுக்கான நூலாகவே கருதப்பட்டது.

1983 ஏப்ரல்: நிகழ்ந்ததும் கவனித்ததும்

வெள்ளிக்கிழமை மாலை யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கி, நகரம் அடங்கியிருந்த நேரம். தனியாளாக வந்த திருடர், கட்டடத்தின் பின்புறத்தில் வாகனத்தை நிறுத்தி மறைப்பு ஏற்படுத்திக்கொண்டு, வேலிக் கம்பிகளை ஜாக்கியால் விரித்து, ஓர் ஆள் உடலைக் குறுக்கி நுழையக்கூடிய சிறு சன்னல் வழியாக உள்ளே இறங்கினார். காவலர் இருந்தும் எதையும் அறியவில்லை. அபாய மணி பழுதாகிக் கிடந்தது. காட்சிக் கூடம் ஏறக்குறைய காலியாகிப் போனதைப் பின்னரே கண்டார்கள்.

விசாரணை பல கோணங்களில் ஓடியது. செல்வந்தர் ஒருவரின் ஏற்பாட்டில் நடந்திருக்கலாம், வெளிநாட்டுக் கும்பலின் வேலையாக இருக்கலாம் என்றெல்லாம் ஊகங்கள் எழுந்தன. எதற்கும் சான்று கிடைக்கவில்லை. 1960களிலிருந்தே வங்கித் திருட்டுகளுக்காகக் காவல்துறை நன்கு அறிந்திருந்த ஒருவர்தான் இதைச் செய்தவர் என்பது அவர் இறந்த பிறகே வெளிப்பட்டது.

காணாமல் போன ஆண்டுகளில்

பொருள் மறைந்திருந்த காலத்தில் கவனிக்கத்தக்க இரண்டு போக்குகள் இருந்தன.

முதலாவது, விற்பனைக்கு வராத மௌனம். தங்கமும் அரிய கற்களும் கொண்ட இத்தனை கடிகாரங்களில் மிகச் சிலவற்றைத் தவிர வேறெதுவும் சந்தைக்கு வரவில்லை. இதற்கான காரணம் பிரெகேயின் பழக்கங்களிலேயே இருக்கிறது என்பது என் கணிப்பு. பிரெகே கடிகாரம் ஒவ்வொன்றிலும் எண் இருக்கிறது; அந்த எண்ணுக்குப் பேரேட்டில் பதிவு இருக்கிறது; சேகரிப்பு முழுவதையும் விவரிக்கும் அட்டவணை அச்சில் இருக்கிறது. ஏலக் கூடத்துக்கு எதைக் கொண்டுபோனாலும் அரை மணி நேரத்தில் அடையாளம் கண்டுவிடுவார்கள். உருக்கினால் தங்கத்தின் விலை கிடைக்கும். ஆனால் மதிப்பெல்லாம் கைவேலையில் அல்லவா இருக்கிறது? அடையாளத்தை அழித்தால் மதிப்பும் அழியும் என்ற இக்கட்டில் திருடர் சிக்கிக்கொண்டார். போலிக்காரர்களைத் தடுக்க ஏற்பட்ட முறை, திருட்டுப் பொருளை விற்க முடியாத பொருளாக்கிவிட்டது.

இரண்டாவது, அவருடைய வடிவமைப்பு அதே ஆண்டுகளில் உலகமெங்கும் பரவியது. 1970களில் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் சுவிஸ் தொழிலை நிலைகுலையச் செய்தன. துல்லியத்தில் பேட்டரியோடு போட்டியிட முடியாது என்று தெரிந்த பிறகு, சாவிக் கடிகாரம் தனக்கென வேறொரு நியாயத்தைத் தேட வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் தொழில் திரும்பிப் பார்த்தவர்களில் பிரெகே முதன்மையானவர். 1986இல் ஓடமார் பீகே நிறுவனம் டூர்பியோனை, தானே சாவி ஏறும் மெல்லிய கைக்கடிகாரத்துக்குள் அடக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் உயர்விலைக் கடிகார நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அந்த வழியில் இறங்கின.

டூர்பியோனின் நோக்கம் எளிமையானது. சட்டைப் பையில் கடிகாரம் நாள் முழுவதும் ஒரே நிலையில் நிமிர்ந்து நிற்கும். பேலன்ஸ் சக்கரத்தின் எடை ஒரு பக்கம் சிறிதளவு மிகுந்திருந்தாலும், புவியீர்ப்பு அதை ஒரே திசையில் இழுத்து நேரத்தைப் பிசகச் செய்யும். பேலன்ஸையும், அதற்கு விசையைத் துளித்துளியாக விடுவிக்கும் பொறியான எஸ்கேப்மென்டையும் ஒரு கூண்டுக்குள் வைத்து, அந்தக் கூண்டையே பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒருமுறை சுழலவிட்டால், ஒரு நிலையில் ஏற்படும் பிழையை எதிர்நிலைப் பிழை ஈடுசெய்யும். மணிக்கட்டில் கட்டும் கடிகாரமோ கையோடு சேர்ந்து எல்லாத் திசையிலும் புரளுகிறது. அதற்கு இந்த ஏற்பாடு பெரிதாகத் தேவைப்படாது. இன்று டயலில் சன்னல் திறந்து டூர்பியோனைக் காட்டும் கடிகாரங்களில் பல, பிரெகேயின் தீர்வை அவர் எதிர்கொண்ட சிக்கல் இல்லாத இடத்தில் வைத்திருக்கின்றன. இது குற்றச்சாட்டு ஆகாது. பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனால் அவருடைய தாக்கத்தை டூர்பியோனை வைத்து அளப்பவர்கள், சத்தமில்லாமல் வேலை செய்யும் பகுதியைத் தவறவிடுகிறார்கள். மேல்வளைவு ஹேர்ஸ்பிரிங் இன்றும் ரோலெக்ஸ் போன்ற நிறுவனங்களின் அன்றாடக் கைக்கடிகாரங்களுக்குள் துடித்துக்கொண்டிருக்கிறது. நிமிடத்தை ஒலியால் சொல்லும் கைக்கடிகாரம் இன்று ஒலிக்கம்பி இல்லாமல் இல்லை. 1930களில் வந்து பின்னர் பொது வழக்கான அதிர்ச்சித் தாங்கிகள், பிரெகேயின் வில் தாங்கி காட்டிய கொள்கையிலேயே இயங்குகின்றன. பிறைத்துளை முள்ளையும் சற்றே சாய்ந்த அவருடைய எண்வடிவத்தையும் போட்டி நிறுவனங்களும் கையாளுகின்றன. அவற்றை அழைக்கும் பெயரே பிரெகே முள், பிரெகே எண் என்பதுதான்.

எண் 160க்கு நெருக்கமான இன்னொரு தொடர்பும் உண்டு. எஸ்கேப்மென்டின் உராய்வுப் பரப்பில் இட்ட எண்ணெய் காலப்போக்கில் கெட்டியாகி நேரத்தைக் கெடுப்பது பிரெகேயைத் தொடர்ந்து தொந்தரவு செய்த சிக்கல். எண்ணெய் தேவைப்படாத இரட்டைச் சக்கர எஸ்கேப்மென்ட் ஒன்றை அவர் முயன்றார். எண் 160இல் இருப்பது அந்த வகையைச் சேர்ந்தது. உறுப்புகளை அக்காலத்தில் போதிய நுட்பத்தோடு வெட்ட முடியாததால் அது பரவவில்லை. சேகரிப்பை அட்டவணைப்படுத்திய அதே டேனியல்ஸ், அந்தச் சிக்கலை 1970களில் மறுபடி கையிலெடுத்து, உராய்வு மிகக் குறைந்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்டை உருவாக்கினார். 1999இல் ஒமேகா அதைத் தொழிற்சாலை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. கடிகாரம் காணாமல் போயிருந்தபோதும் அது எழுப்பிய கேள்விக்கு விடை தேடும் வேலை நிற்கவில்லை.

மறுபடி செய்யும் முடிவு

பிரெகே நிறுவனத்தை ஸ்வாட்ச் குழுமம் 1999இல் வாங்கியது. 2005 வாக்கில் குழுமத் தலைவர் எண் 160ஐ மறுபடி செய்யும்படி தம் கைவினைஞர்களைப் பணித்தார். கைவசம் இருந்தவை பழைய வரைபடங்கள், புகைப்படங்கள், காப்பகக் குறிப்புகள், பிறர் எழுதிய விவரணைகள் ஆகியவையே. முன்னால் இருந்த வழிகள் மூன்று: மூலம் கிடைக்கும்வரை காத்திருப்பது, அதன் சாயலில் நவீனப் பொறி கொண்ட நினைவுப் பதிப்பு ஒன்றைச் செய்வது, உறுப்புக்கு உறுப்பு பழைய முறையிலேயே செய்வது. மூன்றாவதையே தேர்ந்தார்கள்.

விளம்பர நோக்கம் இதில் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டாவது வழியை ஒதுக்கியது தொழில்நுட்ப அடிப்படையில் சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஏனெனில் அந்த நிறுவனம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வேறொரு தொலைந்த கடிகாரத்தில் சாயல் வழியைக் கையாண்டிருந்தது. நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூராவுக்காக 1810இல் ஆணை பெற்று 1812இல் பிரெகே முடித்த எண் 2639, மணிக்கட்டில் அணிவதற்கென்றே செய்யப்பட்டதாக அறியப்படும் மிகப் பழைய கடிகாரம். அது இன்று எங்கும் இல்லை. நீள்வட்ட வடிவம், ஒலிப்பொறி, வெப்பமானி, முடியும் பொன்னிழையும் பின்னிய பட்டை என்று பேரேட்டு வரிகளில் மட்டும் இருக்கிறது. அந்த வரிகளை வைத்து 2002இல் புதிய பெண்கள் கைக்கடிகார வரிசையொன்று உருவானது. நல்ல வடிவமைப்புதான். ஆனால் பழைய கடிகாரம் எப்படி இயங்கியது என்பதைப் பற்றி அந்த முயற்சியால் எதுவும் கற்க முடியாது. வெளிவடிவம் மட்டுமே அதில் மரபு.

எண் 160இல் உள்ளமைப்பையே மறுபடி செய்யத் துணிந்ததால் தெரியவந்த வேறுபாடு, இந்த நிகழ்வின் மிக முக்கியமான பாடம். வடிவமைப்பின் பெரும்பகுதி தாளில் கிடைத்தது: எந்தப் பொறி எங்கே இருக்கிறது, எந்தச் சக்கரம் எதை ஓட்டுகிறது, டயலில் எது எங்கே நிற்கிறது என்பன. தாளில் கிடைக்காதவற்றுக்காக, பாரிஸின் கலை-தொழில் அருங்காட்சியகத்தில் உள்ள பிரெகேயின் இன்னொரு சிக்கலான கடிகாரமான எண் 92 போன்றவற்றை நாடினார்கள். ஒரே பட்டறையில் ஒரே கையின் வழக்கத்தில் பிறந்தவை என்பதால், ஒன்றில் தெரியாத இணைப்பை மற்றொன்றைப் பார்த்து ஊகிக்க முடிந்தது. எழுத்துப் பழகியவர் சிதைந்த ஓலையின் விடுபட்ட சீரை யாப்பைக் கொண்டு நிரப்புவதைப் போன்ற வேலை இது.

அப்படியும் நிரப்ப முடியாதவை உண்டு. ஒலிக்கம்பியைத் தட்டும்போது எழும் நாதம் எந்தப் புகைப்படத்திலும் இல்லை. சக்கரப் பற்களின் முகம் எவ்வளவு வளைந்திருக்கிறது, ஒன்றோடொன்று எவ்வளவு ஆழமாகக் கவ்வுகிறது, வில்லின் இறுக்கம் எவ்வளவு என்பவை, பிரித்துத் தொட்டுப் பார்த்தவருக்கே தெரியும். இவற்றை இன்றைய கைவினைஞர்கள் தங்கள் தீர்ப்பின்படி அமைக்க வேண்டியிருந்தது. அந்த இடங்களில் அந்தக் கடிகாரம் அவர்களுடையது. உலோகங்களின் தேர்வில் மட்டும் பழமையை விட்டுக்கொடுக்கவில்லை: தகடுகளும் சக்கரங்களைத் தாங்கும் பாலங்களும் செம்பொன்னில், திருகுகள் நீலமேற்றிய எஃகில், தாங்கிகள் நீலக்கல்லில்.

கடிகாரத்தை வைக்கும் பெட்டிக்கு, வெர்சாயில் அரசி விரும்பிய பெத்தி த்ரியனோன் மாளிகைத் தோட்டத்தில் நின்று, 2003இன் கடும் வெப்பத்தில் பட்டுப்போன ஓக் மரத்தின் கட்டை கிடைத்தது. 3,500க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளை இழைத்துச் செய்யப்பட்டது அந்தப் பெட்டி. நிறுவனம் அந்த மாளிகையின் புதுப்பிப்புக்கு நிதி அளித்தது. எண் 1160 என்ற புதிய எண்ணோடு 2008 ஏப்ரலில் பாசல் கடிகாரக் கண்காட்சியில் பிரதி காட்சிக்கு வந்தது. பழைய எண்ணையே பொறிக்காமல் தனி எண் கொடுத்தது சிறிய முடிவாகத் தோன்றினாலும் நேர்மையானது. இரண்டும் ஒருநாள் அருகருகே வைக்கப்பட்டாலும் குழப்பம் வராது.

மூலம் திரும்பியது

2006 ஆகஸ்டில் டெல் அவிவ் வழக்கறிஞர் ஒருவர் அருங்காட்சியகத்தைத் தொடர்புகொண்டார். வெளிநாட்டில் வாழும் தம் கட்சிக்காரரின் கணவர் மரணப் படுக்கையில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனதாகவும், பொருள்களைத் திருப்பித் தர விரும்புவதாகவும், பெயரை வெளியிடக் கூடாது என்றும் தெரிவித்தார். அருங்காட்சியகப் பொறுப்பாளர்கள் நேரில் சென்று பெட்டிகளைத் திறந்தார்கள். பழைய செய்தித்தாள்களில் சுற்றப்பட்டிருந்த 39 பொருள்களில் எண் 160ம் இருந்தது. அடையாளம் காண்பதில் சிரமம் ஏற்படவில்லை. எண்களும் அட்டவணையும் அந்த வேலையைச் செய்தன. சில பத்தாயிரம் டாலர்கள் கொடுத்து அவற்றைப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இதைப் பொதுவில் சொல்லவில்லை. 2007 நவம்பரில்தான் செய்தி வெளியே வந்தது.

அமைதியாகப் பெற்றுக்கொண்டதற்கு நியாயம் இருந்தது. அரவம் கேட்டால் வந்தவர் பின்வாங்கலாம், 23 ஆண்டு காத்திருப்பு வீணாகலாம். கையில் கிடைப்பதை முதலில் பத்திரப்படுத்துவது அந்த நேரத்தில் ஏற்கத்தக்க முடிவே. ஆனால் பத்திரப்படுத்திய பின்னும் மௌனம் நீடித்ததை நியாயப்படுத்துவது கடினம். எஞ்சிய பொருள்களைத் தேடும் வேலை அந்த மாதங்களில் தொடங்கியிருக்க முடியும். கடலுக்கு அப்பால் சிலர் அதே கடிகாரத்தின் பற்களை ஊகித்து அராவிக்கொண்டிருந்த காலமும் அதுவே.

விளைவுகள்

செய்தி வெளியானதும் காவல்துறை வழக்கை மறுபடி திறந்தது. தடயங்கள் லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்த பெண்மணியிடம் கொண்டுசென்றன. அவருடைய கணவரான திருடர் 2004இல் இறந்திருந்தார். 2008இல் அந்தப் பெண்மணியின் வீடு சோதனையிடப்பட்டது. பிரான்சில் வங்கிப் பெட்டகங்களிலிருந்து மேலும் 43 பொருள்கள் மீட்கப்பட்டன. வேறு இடங்களிலிருந்தும் சில கிடைத்தன. திருட்டுப் பொருளை வைத்திருந்த குற்றத்துக்காக அமெரிக்க நீதிமன்றம் 2010இல் அவருக்கு 300 மணி நேரச் சமூகப்பணி உள்ளிட்ட தண்டனை விதித்தது. மொத்தம் 106இல் 96 திரும்பின. 2009இல் அருங்காட்சியகம் வலுவான பாதுகாப்போடு காட்சியை மறுபடி திறந்தது.

மூலம் வந்துவிட்டதால் பிரதி வீண் என்று சிலர் கருதினார்கள். நான் அப்படிக் கருதவில்லை. இருநூறு ஆண்டுப் பழமையுள்ள மூலத்தை நாள்தோறும் ஓடவிட எந்தக் காப்பாளரும் துணியமாட்டார். அதன் நாட்காட்டி லீப் ஆண்டில் எப்படித் தாவுகிறது, பிளாட்டினம் எடை எத்தனை நடைக்கு எவ்வளவு சாவி ஏற்றுகிறது என்பவற்றை ஓடும் கடிகாரத்தில்தான் பார்க்க முடியும். அதற்குப் பிரதி தேவை.

மாற வேண்டியவை

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பழுதான அபாய மணியைச் சரிசெய்யாமல் கூடத்தைத் திறந்து வைத்திருக்கக் கூடாது. துணைச் சேகரிப்பாக இருந்தாலும் மதிப்புக்கேற்ற காவல் வேண்டும்.

ஆவணப்படுத்தல்தான் விரிவாகப் பேச வேண்டியது. அட்டவணை இருந்ததால் பொருள்களை அடையாளம் காண முடிந்தது. ஆனால் அடையாளம் காணப் போதுமான ஆவணம், மறுபடி செய்யப் போதுமானதாக இல்லை. இதைப் போன்ற கடிகாரம் பழுதுபார்ப்புக்காகப் பிரிக்கப்படும் ஒவ்வொரு முறையும், பற்களின் வடிவம், அச்சு இடைவெளி, வில்லின் பருமன் ஆகியவற்றை அளந்து, ஒலியைப் பதிவுசெய்து, பிரித்த வரிசையையும் எழுதிவைக்க வேண்டும். முழுமையாகப் பிரிக்கும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைகூட அமையாமல் போகலாம். அந்தப் பதிவு அருங்காட்சியகத்தின் அலமாரியில் மட்டும் இருக்காமல், குறைந்தது வேறொரு நிறுவனத்திடமும் ஒரு படி இருக்க வேண்டும்.

பிரதி செய்வோரும் தம் பக்கத்துக் கணக்கை வெளிப்படையாக வைக்க வேண்டும். 823 உறுப்புகளில் எவை வரைபடத்தின்படி, எவை பிற கடிகாரங்களிலிருந்து ஊகித்து, எவை முற்றிலும் தம் தீர்ப்பின்படி செய்யப்பட்டன என்று மூன்றாகப் பிரித்த பட்டியல் பிரதியோடு வெளியாகியிருந்தால், அது ஆய்வாளருக்குப் பெட்டியின் ஓக் மரத்தைவிடப் பயன்பட்டிருக்கும். மூலம் இப்போது ஜெருசலேமில் இருப்பதால் ஊகங்களைச் சரிபார்க்கும் வாய்ப்பும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் திறந்து வைத்து ஒப்பிடும் ஆய்வே இந்த நிகழ்வின் அடுத்த கட்டமாக அமைய வேண்டும். அதைத் தொடங்க இரு நிறுவனங்களின் இசைவு போதும்.